பின்சக்கரத்து ஸ்பிரிங்கும் நமது வியாபாரமும்



வரி, வாடகை, உரிமக் கட்டணம், பெரிய கம்பெனிகளின் போட்டி என்று நமது இதழில் எழுத வேண்டியவை மலைபோல் குவிந்து கிடக்க, மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்து ஸ்பிரிங்கைப் பற்றி எழுத வந்துவிட்டார்களே என்று சிலர் நினைக்கலாம். நாம் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று மொத்த வியாபாரம் செய்கிறவர்கள்தாம். இஞ்சினியர் படிப்பு படித்தவர்கள் அல்ல. ஆனாலும் நமது வியாபாரத்தின் நாணயமும், நம் வட்டாரத்துப் பிள்ளைகளின் உயிரும், நம் ஊர்ப் பட்டறைகளின் பிழைப்பும் சேர்ந்து தொங்குகிற ஒரு பொருள் அது என்பதால் இதை எழுதத் துணிந்தோம்.

இனயத்திலிருந்து புதுக்கடை, கருங்கல், தேங்காய்ப்பட்டணம், குளச்சல் என்று எந்தச் சாலையில் நின்று பார்த்தாலும் இரண்டு வகை வண்டிகள் கண்ணில் படும். ஒன்று, விடியற்காலையில் மீன் பெட்டியையோ அரிசி மூட்டையையோ பின்னால் கட்டிக்கொண்டு போகிற உழைப்பாளியின் வண்டி. இன்னொன்று, தகப்பனோ மாமனோ ஓட்டி ஓய்ந்த பழைய வேக வண்டியைத் துலக்கி, வர்ணம் அடித்து, ஆசையாக ஓட்டுகிற இளைஞனின் வண்டி. முதல் வண்டியின் பின்பக்கம் பாரத்தால் தொய்ந்திருக்கிறது. இரண்டாவது வண்டியின் பின்பக்கம் பல நேரம் யாரோ விற்ற, யார் செய்தது என்று தெரியாத பாகத்தால் தூக்கி நிற்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. பாரத்துக்கும் ஓட்டத்துக்கும் தக்கபடி கூட்டிக் குறைக்கக் கூடிய, அளவறிந்து செய்த பின்சக்கர சஸ்பென்ஷன் பாகங்கள்.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் பாகங்களைச் செய்யும் தொழில் நம் மாவட்டத்திலேயே வளர வேண்டும். அது கண்மதிப்பில் அல்லாமல் கணக்கோடு நடக்க வேண்டும். செய்தவர் பேர் இல்லாத பாகத்தை நமது உறுப்பினர் எவரும் கடையில் தொங்கவிடக் கூடாது.

கிராக்கி எங்கிருந்து வருகிறது?

சென்னைத் திருவொற்றியூரில் 1955இல் என்ஃபீல்டு கம்பெனி தொடங்கியது. மைசூரில் 1960களின் தொடக்கத்திலிருந்து 1996 வரை ஜாவாவும் பின்னர் யெஸ்டியும் உற்பத்தியாயின. 1983இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி ராஜ்தூத் 350 என்ற பெயரில் யமஹாவின் ஆர்.டி. 350ஐக் கொண்டுவந்தது. ஓசூரிலிருந்து 1984இல் இண்ட்-சுசுகி வந்தது. 1985 முதல் 1996 வரை ஆர்.எக்ஸ். 100 விற்றது. 1999இல் ஹீரோ ஹோண்டா சி.பி.இசட்., 2001இல் பஜாஜ் பல்சர், 2003இல் கரிஷ்மா, 2008இல் யமஹா ஆர்-15 என்று வரிசை நீளுகிறது. இவற்றில் பலவற்றின் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. வண்டிகள் மட்டும் நிற்கவில்லை. நல்ல நிலையில் உள்ள ஆர்.எக்ஸ். 100க்கு இன்று லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்கிறார்கள். விற்ற கம்பெனி கைவிட்ட பிறகும் வாங்கியவன் கைவிடாத வண்டிகள் இவை.

இந்த வண்டிகளின் ஷாக் அப்சார்பர் முதலில் வந்தபோது அன்றைய சாலைக்கும் அன்றைய விலைக்கும் பொருந்தச் செய்யப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங்கின் அழுத்தத்தைச் சில படிகள் ஏற்றி இறக்கலாம். அவ்வளவுதான். எண்ணெயின் வேகத்தையோ மொத்த நீளத்தையோ மாற்ற வழியில்லை. முப்பது வருடத்தில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, எண்ணெய் கசிந்துவிட்டது, புஷ் தேய்ந்துவிட்டது. அசல் பாகம் கிடைப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் பேர் இல்லாத பெட்டிகள் நம் ஊர்க் கடைகளுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு சிறு பட்டறை உலகை வென்ற கதை

இந்தக் கலை பெரிய கம்பெனிக்கே உரியது என்று நம் பட்டறைக்காரர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. பின்சக்கரத்தை ஒரு கவைக்கோலில் பொருத்தி, எண்ணெய் ஷாக் வைத்து ஆட விடும் முறையை என்ஃபீல்டு கம்பெனி 1948இல் இங்கிலாந்தில் ஒரு போட்டியில் புல்லட்டின் முன்மாதிரிகளில் காட்டியது. கடினமான வண்டியே நல்ல வண்டி என்று நம்பிய அக்காலத்தவர் அதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். பின்னாளில் உலகமே அந்த முறைக்கு மாறியது.

இரண்டு ஷாக்குகளுக்குப் பதில் ஒன்றே போதும் என்ற யோசனையைத் தந்தவர் பெல்ஜியம் நாட்டு லூசியன் டில்கென்ஸ். யமஹா அதை வாங்கி, 1973இல் மண்சாலைப் பந்தயத்தில் 250 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது. ஸ்வீடன் நாட்டில் கென்ட் ஓலின்ஸ் என்பவர் 1976இல் தம் பெயரில் ஷாக் செய்யும் கம்பெனியைத் தொடங்கினார். சிறியதாகத் தொடங்கிய அந்தப் பெயர் இன்று பந்தய உலகில் தெரியாதவர் இல்லை. 2025 ஜனவரியில் இத்தாலியின் பிரெம்போ கம்பெனி அதை வாங்கி முடித்தது.

நம் நாட்டிலும் இந்த அறிவுக்குக் குறைவில்லை. சென்னைக்கு அருகே சோழவரம் விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்க்கக் கூட்டம் திரண்ட காலம் உண்டு. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயப் பாதை வந்தது. பிறகு கோவை செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரால் இன்னொரு பாதை வந்தது. அங்கெல்லாம் ஆர்.டி.யையும் ஆர்.எக்ஸ்.ஐயும் இழைத்து இழைத்து ஓட வைத்தவர்கள் பெரும்பாலும் லேத் பட்டறையில் கை கறுத்தவர்கள். அந்தக் கை நம் கடற்கரையிலும் உண்டு. நடுக்கடலில் நின்றுபோகக் கூடாத படகு இஞ்சினைப் பழுது பார்க்கிற பட்டறைக்காரருக்கு ஷாக் அப்சார்பர் எட்டாக்கனி அல்ல. அவரிடம் இல்லாதது கணக்கு எழுதும் பழக்கம் ஒன்றுதான்.

தராசு தெரிந்தவருக்கு ஸ்பிரிங் தெரியும்

இந்தக் கணக்கு நமக்குப் புதியதல்ல. ஸ்பிரிங் தராசைக் கையாண்ட எவருக்கும் இது புரியும். ஒரு கிலோவுக்கு முள் எவ்வளவு இறங்குகிறதோ, இரண்டு கிலோவுக்கு அதன் இருமடங்கு இறங்கும். வண்டி ஸ்பிரிங்கும் அப்படியே.

பின்பக்கத்தில் இரண்டு ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அமுங்க இரண்டு கிலோ கேட்கிறது என்று வைப்போம். இரண்டும் சேர்ந்து நான்கு கிலோ. வண்டியும் ஆளுமாகப் பின்பக்கத்தில் 100 கிலோ இறங்கினால் 25 மில்லிமீட்டர் அமுங்கும். இப்போது கீழே உள்ள வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை முன்கூட்டியே பத்து மில்லிமீட்டர் அழுத்தி வைத்தால், முதல் 40 கிலோவுக்கு அது அசையாது. மீதி 60 கிலோவுக்கு 15 மில்லிமீட்டர் அமுங்கும். வண்டி பத்து மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வளையத்தைத் திருகியதால் ஸ்பிரிங் விறைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அது தவறு. இன்னும் 40 கிலோ ஏற்றிப் பாருங்கள். திருகுவதற்கு முன்பும் அது பத்து மில்லிமீட்டர்தான் அமுக்கும், திருகிய பின்பும் பத்து மில்லிமீட்டர்தான் அமுக்கும். தராசின் முள்ளைச் சூனியத்துக்குக் கொண்டுவரத் திருகுகிறோம் அல்லவா, அதே வேலைதான் இது. முள் நிற்கும் இடம் மாறும், கிலோவுக்கு இறங்கும் தூரம் மாறாது. கிலோவுக்கு இறங்கும் தூரம் மாற வேண்டுமானால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங்கை மாற்றுவதிலும் கண்மதிப்பு உதவாது. ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் கம்பிப் பருமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 7 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 7.5 போட்டால் அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் விறைப்பு 32 சதவீதம் கூடிவிடும். 8 மில்லிமீட்டர் போட்டால் 71 சதவீதம். சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் விறைப்பு கூடும். வேலை செய்யும் சுற்று பன்னிரண்டில் இரண்டை வெட்டினால் 20 சதவீதம் விறைக்கும். அதோடு அமுங்கும் இடமும் குறைந்து சுற்றோடு சுற்று முட்டும். வண்டியைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கை வெட்டிக் கொடுக்கிற பட்டறைகள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒற்றை ஷாக் வண்டியில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. சக்கரம் 100 மில்லிமீட்டர் ஏறும்போது ஷாக் 50 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கும்படி அமைத்திருந்தால், ஷாக்கின் மேல் விழும் பாரம் இருமடங்கு. அந்த ஸ்பிரிங்கின் விறைப்பில் சக்கரத்துக்கு வந்து சேர்வது நான்கில் ஒரு பங்கு. ஆகவே ஒரு வண்டியின் ஸ்பிரிங்கைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டி, பொருந்திவிட்டது என்று மகிழ்வது, படிக்கல்லைப் பார்க்காமல் தட்டை மட்டும் பார்த்து எடை போடுவது போன்றது.

பொருத்தம் சரியா என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு டேப் போதும். சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டின் கீழ் ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்த பின் அதே இடத்தை அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் ஆடக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் நலம். வளையத்தைத் திருகியும் அந்த அளவு வரவில்லை என்றால் ஸ்பிரிங் அந்த ஆளுக்கோ அந்தப் பாரத்துக்கோ பொருந்தாதது என்று பொருள்.

எண்ணெயின் வேலை

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி பந்துபோலத் துள்ளும். துள்ளலை அடக்குவது உள்ளே இருக்கிற எண்ணெய். பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிப் போகும்போது வேகம் மட்டுப்படுகிறது. நல்லெண்ணெய் ஊற்றும்போது எப்படி ஓடுகிறது, விளக்கெண்ணெய் எப்படி ஓடுகிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணெயின் கெட்டித்தன்மையும் துளையின் அளவும் சேர்ந்துதான் அடக்கும் சக்தி.

கூட்டிக் குறைக்கும் ஷாக்கில் இந்தத் துளைக்கு ஓர் ஊசி வைத்து, வெளியே ஒரு திருகு வைக்கிறார்கள். அமுங்கும் வேகத்துக்கு ஒன்று, மீளும் வேகத்துக்கு ஒன்று என்று இரண்டு திருகுகள் உள்ளதும் உண்டு. மீளும் வேகம் அதிகமானால் குழியைத் தாண்டியதும் சீட் மேலே எறியும். மிகவும் குறைந்தால் அடுத்த குழி வருவதற்குள் மீளாமல், குழிக்குக் குழி அமுங்கி அமுங்கி வண்டி கட்டையாகிவிடும். வெகுதூரம் வேகமாக ஓடினால் எண்ணெய் சூடேறி இளகும். நுரைக்கவும் செய்யும். நுரைத்த எண்ணெயில் அடக்கும் சக்தி இராது. அதற்காகவே நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைக்கிறார்கள். வாயு அடைத்த ஷாக்கை விவரம் தெரியாமல் பிரிப்பதும், அதன் அருகே வெல்டிங் வைப்பதும் உயிருக்கு ஆபத்து. இதை ஒவ்வொரு பட்டறையிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

நீளத்தை மாற்றுவது விளையாட்டல்ல

வாலிபர்கள் அதிகம் கேட்பது வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கும் பாகம். பின்பக்கம் தூக்கினால் வண்டி வளைவில் சீக்கிரம் திரும்பும் என்பது உண்மைதான். ஏன் திரும்புகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரு அச்சுகளுக்கு இடையே 1,300 மில்லிமீட்டர் உள்ள வண்டியின் பின்பக்கத்தை 20 மில்லிமீட்டர் தூக்கினால் முன்போர்க் ஏறத்தாழ ஒரு டிகிரி நிமிர்கிறது. கேட்கச் சிறிது. ஆனால் நேர்சாலையில் ஹேண்டிலைத் தானாக நேரே பிடித்து வைக்கும் குணம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். வளைவில் கைகொடுத்த அதே மாற்றம் வேகத்தில் ஹேண்டிலை நடுங்க வைக்கலாம். செயினின் தளர்வு மாறும், ஸ்டாண்டு எட்டாமல் வண்டி சாயும். தாழ்த்தினாலோ டயர் மட்கார்டில் உரசும்.

இணைப்புத் தண்டு உள்ள ஒற்றை ஷாக் வண்டிகளில், அந்தத் தண்டின் நீளத்தை மாற்றியே உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை வெட்டி, நடுவே பிடித்துத் திருகினால் நீளவும் குறுகவும் செய்கிற டர்ன்பக்கிளை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. அதே தத்துவம்தான். ஆனால் கம்பியை இழுத்துக் கட்டுகிற டர்ன்பக்கிள் வேறு, ஓடும் வண்டியில் லட்சம் முறை இழுபடும் தண்டு வேறு. மரை எவ்வளவு ஆழம் கடித்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க ஒரு துளை வேண்டும். பத்து மில்லிமீட்டர் போல்ட் என்றால் பத்து மில்லிமீட்டர் ஆழமாவது கடித்திருக்க வேண்டும். பூட்டு நட் இல்லாமல் அனுப்பவே கூடாது. இரண்டு தண்டுகள் உள்ள வண்டியில் இரண்டும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். நல்ல வடிவமைப்பு என்பது எவ்வளவு மாற்றலாம் என்று காட்டுவது மட்டுமல்ல. இதற்கு மேல் மாற்ற முடியாதபடி தடுப்பதும் அதன் வேலைதான்.

நம் கடற்காற்றும் நம் ரப்பரும்

எங்கோ செய்து பெட்டியில் வருகிற பாகத்துக்கு நம் கடற்கரையின் உப்புக்காற்று தெரியாது. பிஸ்டன் ராடின் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு துரு விழுந்தாலும் அது ஆயில் சீலைக் கீறிவிடும், எண்ணெய் வெளியேறிவிடும். பளபளக்கிற ஸ்டீல் போல்ட் எல்லாம் பலமானது என்ற எண்ணமும் சரியல்ல. துருப்பிடிக்காத சாதாரண வகை, 8.8 என்று தலையில் எண் பொறித்த போல்ட்டைவிட வலுக் குறைந்ததாகவே இருக்கும். இடத்துக்குத் தக்க போல்ட் எது என்று செய்கிறவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ரப்பர் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். தமிழ்நாட்டில் ரப்பர் பெருமளவில் விளைவது நம் குமரி மாவட்டத்தில்தான். அரசு ரப்பர் கழகம் 1984 முதல் இங்கே இயங்குகிறது. ஷாக்கின் இரு முனையிலும் உள்ள புஷ்ஷுக்கு இயற்கை ரப்பர் அருமையான பொருள். எண்ணெய் படுகிற சீலுக்கு அது ஆகாது, ஊதிப்போகும். அதற்கு நைட்ரைல் ரப்பர்தான் வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்து செய்தால், இங்கே விளைவது ஷீட்டாக வெளியூர் போய்ப் புஷ்ஷாகத் திரும்பி வந்து நம்மிடமே விலை சொல்கிற நிலை மாறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, வண்டியைத் தயாரித்தவர் முதலில் கொடுத்த விவரத்தோடு பதிவுச் சான்று முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழி செய்யப்பட்டது. தேய்ந்த ஷாக்கை அதே நீளத்தில், அதே இடத்தில் பொருந்தும் நல்ல ஷாக்கால் மாற்றுவது பழுது பார்ப்பது. கவைக்கோலை நீட்டி, சட்டத்தை வெட்டி, அச்சுத் தூரத்தை மாற்றுவது வேறு காரியம். முன்னதை விற்போம். பின்னதற்குக் கை கொடுக்க மாட்டோம்.

நமக்கு இன்னும் நெருக்கமான சட்டம் ஒன்று உண்டு. 2020 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் குறையால் நேரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்று வகுத்திருக்கிறது. தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளை ஒரு கடைக்காரர் விற்று, அதனால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், விற்றவரே பதில் சொல்லும் நிலை வரலாம். பேர் இல்லாத பெட்டியில் கிடைக்கிற அதிக லாபத்துக்குள் இந்தக் கடனும் ஒளிந்திருக்கிறது. லாபம் அன்றே கல்லாவுக்கு வந்துவிடும். கடன் என்று வரும் என்று யாருக்கும் தெரியாது.

மறுப்புகளும் நமது பதிலும்

பழைய வண்டிகளே ஒழிய வேண்டியவை, இதற்கு ஏன் பாகம் என்று கேட்பவர்கள் உண்டு. புகையைப் பற்றிய அவர்கள் கவலையை நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் பதினைந்து ஆண்டு கடந்த வண்டியும் பரிசோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம் என்பது சட்டம். இருபது ஆண்டு கடந்த இருசக்கர வாகனத்துக்கு 2025இல் அந்தக் கட்டணத்தை 2,000 ரூபாயாக உயர்த்தி அரசும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சட்டப்படி ஓடுகிற வண்டி பத்திரமாக ஓட வேண்டாமா? மின்சார வண்டி வந்தாலும் அதற்கும் பின்சக்கரம் உண்டு, ஸ்பிரிங் உண்டு. இன்று கற்கிற கை நாளைக்கும் உதவும்.

பட்டறையில் செய்தால் விலை கட்டுப்படியாகாது என்பது இரண்டாவது மறுப்பு. ஆயிரக்கணக்கில் அச்சடித்த பொருளோடு விலையில் போட்டியிட முடியாதுதான். ஆனால் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு ஆயிரக்கணக்கில் எவரும் அச்சடிக்கப் போவதில்லை. பத்தும் இருபதுமாகச் செய்கிற இடத்தில் சிறு பட்டறைக்கே வாய்ப்பு. ஸ்பிரிங், சீல் போன்றவற்றை ஓசூர், கோவை, சென்னை அம்பத்தூர் பக்கம் தேர்ந்தவர்களிடம் அளவு கொடுத்து வாங்கி, உடலையும் முனைகளையும் இங்கே கடைந்து, இங்கே பொருத்திச் சோதித்துக் கொடுக்கலாம். மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருப்பதும் ஓரளவு கைகொடுக்கும். பில் போட்டு விற்பதற்கு முன்பு சொன்ன சாக்கு இனி எடுபடாது.

ஓட்டுகிறவன் கேட்கிறான், நாம் கொடுக்கிறோம், நமக்கென்ன என்பது மூன்றாவது. இது வணிகர் வாயிலிருந்து வரக்கூடாத சொல். பூச்சி விழுந்த பருப்பை வாடிக்கையாளர் கேட்டார் என்று கொடுப்போமா? பாகம் வாங்க வருகிற வாலிபன் நம் பக்கத்துத் தெருப் பிள்ளை. அவன் விழுந்தால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கப் போகிறவர்களும் நாம்தான்.

செய்ய வேண்டியவை

ஆகவே, நமது சங்கத்தின் முன் பின்வரும் யோசனைகளை வைக்கிறோம்.

1. வண்டிப் பாகம் விற்கும் உறுப்பினர்கள், செய்தவர் பெயர், ஊர், எந்த வண்டிக்கு உரியது, செய்த மாதம் ஆகியவை பொறித்த பாகங்களை மட்டுமே கொள்முதல் செய்வது என்று தீர்மானிக்க வேண்டும்.

2. ஸ்பிரிங் விற்கும்போது அது ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ கேட்கும் என்ற எண்ணையும், எத்தனை கிலோ ஆளுக்கும் பாரத்துக்கும் பொருந்தும் என்பதையும் பெட்டியின்மேல் தமிழில் அச்சிடும்படி தயாரிப்பாளர்களைக் கேட்க வேண்டும். சர்க்கரைப் பொட்டலத்தில் எடை போடாமல் விற்கிறோமா?

3. நாகர்கோவில் கோணத்தில் உள்ள அரசு பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலையம் ஆகியவற்றின் ஆசிரியர்களை அழைத்து, நம் பகுதி லேத் பட்டறைக்காரர்களுக்கு ஸ்பிரிங் கணக்கும் அளவெடுப்பும் கற்பிக்க ஒரு வகுப்பு நடத்த வேண்டும். செலவில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்கலாம்.

4. ஸ்பிரிங்கை அழுத்தி அளக்கும் எளிய பரிசோதனைக் கருவி ஒன்றைச் சங்கக் கட்டடத்தில் வைக்கலாம். ஒரு தூக்கு ஜாக்கி, ஓர் எடைக்கருவி, ஓர் அளவுகோல், ஸ்பிரிங் தெறிக்காமல் இருக்க ஓர் இரும்புக் கூண்டு இருந்தால் போதும். வருகிற சரக்கில் நாலைந்தை எடுத்து அளந்து, பெட்டியில் போட்ட எண்ணோடு ஒத்துப் பார்க்கலாம்.

5. மீன் வியாபாரிகளுக்கும், வீடு வீடாகச் சரக்கு கொண்டுபோகும் நம் கடைப் பையன்களுக்கும், பாரத்துக்குத் தக்கபடி பின்ஷாக்கின் வளையத்தை ஏற்றி இறக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காசு செலவில்லாத காரியம் இது. சீட்டுக்கடியில் கிடக்கிற கொக்கி ஸ்பானரை வெளியே எடுத்தாலே போதும். வண்டிக்கு அனுமதித்த பாரத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். எந்த வளையமும் சட்டத்தின் பலத்தைக் கூட்டாது.

முத்திரை இல்லாத தராசை வைத்து நாம் கடை நடத்துவதில்லை. எடையில் பத்துக் கிராம் குறைந்தால் வாடிக்கையாளர் இழப்பது சில காசுகள். ஷாக்கில் பத்து மில்லிமீட்டர் பிசகினால் இழப்பது அதுவாக இராது. சில்லறைச் சரக்குக்குக் காட்டுகிற கண்டிப்பை, மனித உயிர் உட்கார்ந்து போகிற சரக்குக்கும் காட்டுவோம். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு விவாதிக்க வேண்டும் என்று நிர்வாகிகளையும் உறுப்பினர்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இந்த இதழுக்கு எழுதட்டும். வரவேற்கிறோம்.

இனயம் மொத்த வணிகர்